கடற்பாசித் தட்டில் செய்னம்பு

எங்கள் நயினாப்பட்டினத்தில் கிருமிகள் படம் வரையத் தொடங்கியது நோன்புப் பெருநாள் முடிந்த கையோடுதான். ஏனென்றால் அப்போதுதான் எல்லா வீட்டு அடுக்களையிலும் நோன்புக்கு வாங்கி மிஞ்சிய கடற்பாசிப் பொட்டலங்கள் கிடந்தன. அப்போதுதான் செண்பகவல்லி டீச்சர் கோவில்பட்டியிலிருந்து முதல் வேலைக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஆய்வுக்கூடம் என்று பலகை மாட்டிய அறையைத் திறந்து, ஒரு கை இல்லாத எலும்புக்கூட்டையும் பாட்டிலில் ஊறிய ஒரு தேளையும் தவிர உள்ளே வேறெதுவும் இல்லை என்று கண்டுகொண்டார். நுண்ணுயிர்ப் பாடம் நடத்த வேண்டும், நுண்ணோக்கியோ இல்லை. வேறொருவராக இருந்தால் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த அம்மாவோ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்கொரு பிடி கடற்பாசியும், ஒரு கரண்டி இறைச்சி ஆணமும், மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டும் கொண்டுவரச் சொன்னார். ஆணம் என்றால் குழம்பு என்பதை அவர் அதற்குள் கற்றிருந்தார்.

நோன்பு திறக்கும்போது பாலும் சீனியும் சேர்த்துத் துண்டு போட்டுத் தின்கிற அதே கடற்பாசியை, டீச்சர் ஆணத்தின் தெளிந்த சாற்றோடு காய்ச்சித் தட்டுகளில் ஊற்றி உறையவைத்தார். பிள்ளைகள் வரிசையாக வந்து உள்ளங்கையை அதில் பதித்தார்கள். மூடி போட்டு, ஓரம் முழுக்க டேப் ஒட்டி, இனி இதை யாரும் திறக்கக் கூடாது என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டினார். கையில் இருக்கும் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைத்து வரும், அதைக் கண்ணால் பார்த்த பிறகாவது சோப்புப் போட்டுக் கை கழுவுவீர்கள் என்றார்.

டீச்சருக்குக் கை விஷயத்தில் எங்கள் ஊர்மேல் ஒரு மனச்சடவு இருந்தது. வந்த புதிதில் ஒரு நிக்காஹ் விருந்துக்கு அழைத்திருந்தோம். நாங்கள் விருந்துச் சோற்றைச் சஹனில் சாப்பிடுகிறவர்கள். சஹன் என்பது அகன்ற பெரிய தட்டு, அதைச் சுற்றி நாலு பேர் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரே சோற்றில் நாலு கையும் இறங்கும், பக்கத்து ஆளுக்கு நல்ல கறித்துண்டு வந்தால் நம் பக்கம் தள்ளிக்கொள்வதும் உண்டு, நம் பக்கம் வந்ததை அவர் பக்கம் தள்ளுகிற நல்லவர்களும் உண்டு. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாழைப்பழத்தை மட்டும் உரித்துத் தின்றுவிட்டுக் கிளம்பினார். மறுநாள் வகுப்பில், சஹன் என்பது கிருமிகளுக்குப் பஸ் ஸ்டாண்டு மாதிரி என்று சொன்னாராம். பிள்ளைகள் அதை வீட்டில் வந்து சொன்னார்கள், ஊர் கொஞ்சம் முகம் சுளித்தது.

அலமாரியைத் திறந்த காலையில் தட்டுகளில் புள்ளி புள்ளியாகக் கிருமிகள் முளைத்துத்தான் இருந்தன, டீச்சர் சொன்னபடி வெள்ளையும் மஞ்சளும் வெளிறிய ரோஸ் நிறமுமாக. ஆனால் அந்தப் புள்ளிகள் கூடி முகங்களாக இருந்தன. இஸ்மத்து என்கிற பையனின் தட்டில், மதரஸாவுக்குப் போனதாக அவன் சொன்ன நேரத்தில் பரோட்டா வீசிப்போட்ட கடைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். எழுத்தர் சிவகுருநாத பிள்ளை தானும் ஒரு தட்டில் கையை வைத்திருந்தார். பரம்பரைச் சைவம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிற அவர் தட்டில் மீசை வைத்த ஒரு நண்டு, இரண்டு கண்ணையும் தூக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தட்டுகளைத் தூக்கி, இது என் மாமி, இது உன் மூத்த காக்கா என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சர் மட்டும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார்.

விஷயம் இதுதான் என்று பிறகு அவரே விளக்கினார்: எந்தக் கிருமி யாரிடமிருந்து வந்ததோ அந்த ஆளின் முகத்தை அது வரைகிறது. ஏன் வரைகிறது என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, அது பாடத்திட்டத்தில் இல்லை சார் என்றார். தலைமையாசிரியர் கஸ்பார் பெர்னாண்டோ மணப்பாட்டுக்காரர், இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசையும் அதைத் தடவாமல் எந்த முடிவுக்கும் வராத வழக்கமும் உள்ளவர். தடவிப் பார்த்துவிட்டு, பாடத்திட்டத்தில் இல்லாததால் இதைத் தடுக்கவும் விதி இல்லை என்று முடிவு சொன்னார்.

அவ்வளவுதான், ஊர் வரிசையில் நின்றது. பெருநாளைக்கு எடுத்த புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போவதுபோல் வந்தார்கள், கையைத்தானே பதிக்கப்போகிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. படம் வரைவது மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்று சிலர் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் போய்க் கேட்டார்கள். மனுஷன் கை வரையவில்லையே, அல்லாஹ் படைத்த சின்னஞ்சிறு உயிர் தன் பாட்டுக்கு வளர்கிறது, அதை நான் எப்படித் தடுக்க என்று அவர் சொல்லிவிட்டு, மறுநாள் தன் வீட்டம்மாவோடு அவரும் வந்து நின்றார். சுவர்த் தகராறில் வருஷக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவரும் தனித்தனியாக வந்து பதித்துப் போக, அண்ணன் தட்டில் தம்பியும் தம்பி தட்டில் அண்ணனும் முளைத்திருந்தார்கள். சின்ன வயதில் ஒரே சஹனில் தின்றபோது ஏறிக்கொண்ட கிருமிகளுக்குச் சுவர் கட்டிய விவரம் தெரியாது. இதையெல்லாம் விசாரிக்க ஜில்லாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார், சோதனைக்காகத் தானும் கையைப் பதித்தார், மறுநாள் தட்டைப் பார்த்ததும் கைக்குட்டையால் மூடிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அப்புறம் எங்களை ஒருவரும் விசாரிக்கவில்லை.

இந்தக் கும்மாளத்தில் ஒருத்தி மட்டும் தன் தட்டை வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். அவள் பெயர் மீராள், பண்டாரி பீர்கண்ணுவின் மகள். ஊர் விருந்துகளுக்கெல்லாம் சமைக்கிற தலைமைச் சமையல்காரரைப் பண்டாரி என்போம். பீர்கண்ணு கிண்டாத சட்டி எங்கள் ஊரில் இல்லை. மீராள் கைக்குழந்தையாக இருக்கும்போதே உம்மா செய்னம்பு மஞ்சள்காமாலையில் மவுத்தாகிவிட்டாள். போட்டோ என்று ஒன்றுகூடக் கிடையாது. கேமராவைக் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிற பெண் அவள், ரேஷன் கார்டில் இருந்த படமும் ஒரு புயல் மழையில் கரைந்துபோனது. விருந்துகளில் பெண்கள் அவரவர் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துச் சஹனில் உட்காருவார்கள், மீராள் சமையற்கட்டின் மூலையில் ஒரு சின்னத் தட்டில் தனியாகத் தின்றுவிட்டு வாப்பாவுக்குச் சட்டி கழுவுவாள். யார் கையையும் பிடித்து விளையாடாத பிள்ளை. அதனால் அவள் தட்டில் வேறு ஒருவரும் இல்லை, தெற்றுப்பல் தெரியச் சிரிக்கிற ஒரு பெண் மட்டும் இருந்தாள்.

இது யார் என்று மீராளுக்குத் தெரியவில்லை. தட்டை எட்டிப் பார்த்த பள்ளிக்கூடத்து ஆயா நூரம்மா, ஏளா, இது நம்ம செய்னம்புல்லா என்றாள்.

பிறக்கும்போது உம்மாவிடமிருந்து வருகிற கிருமிகள்தான் பிள்ளையின் உடம்பில் முதலில் குடியேறும் என்று டீச்சர் விளக்கினார். மீராளுக்கும் அதே இடத்தில் அதே தெற்றுப்பல் இருப்பதைக் காட்டி, இது வேறு வழியாக வந்தது, இது மரபணு, இதைக் கருவிலேயே உம்மா எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றார். மனிதர்கள் மரபணுவைப் பிள்ளைக்கு மட்டும்தான் கொடுக்க முடியும், கிருமிகளோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சம்பந்தமில்லாத கிருமிக்குக்கூடத் தன் மரபணுவில் ஒரு துண்டைக் கொடுத்துவிடும், சுவருக்கு மேலே ஆணக் கிண்ணத்தைக் கொடுத்து வாங்குகிற மாதிரி என்றும் சொன்னார். அப்போ மூக்கையும் குடுக்குமா டீச்சர் என்று இஸ்மத்து கேட்டான், வகுப்பு சிரித்தது. மீராள் மட்டும் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

செய்னம்பு வந்த செய்தி தெருத்தெருவாகப் போனதும், எங்கள் ஊர் எங்கள் ஊரால் மட்டுமே செய்ய முடிகிற ஒரு தப்பைச் செய்தது. சோப்பை நிறுத்தியது. கையில் மவுத்தானவர்களெல்லாம் குடியிருக்கிறார்கள், அவர்களைப் போய்ச் சோப்புப் போட்டுச் சாக்கடையில் விடுவதா என்று பெண்கள் கேட்டார்கள். தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளுச் செய்கிறோமே, அந்தத் தண்ணீர் போதாதா என்று ஆண்கள் கேட்டார்கள். மளிகைக் கடையில் சோப்புக்கட்டிகள் தூசி பிடித்துக் கிடந்தன. நான் சொன்னது இது இல்லை, நான் சொன்னது இதற்கு நேர் எதிர் என்று செண்பகவல்லி டீச்சர் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார், எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் கழுவாத கையோடு போனார்கள்.

டைஃபாய்டு வந்தது. அதற்கு எங்கள் பாசமெல்லாம் புரியவில்லை. கழுவாத கையிலிருந்து தண்ணீர்ப் பானைக்கும் பானையிலிருந்து வயிற்றுக்கும் போய், தெருவுக்குச் சிலராகப் படுக்கவைத்தது. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து கத்தியதில் சோப்பும் திரும்பி வந்தது, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தோம், மாத்திரை தின்று ஒவ்வொருவராக எழுந்துகொண்டார்கள். மீராள் மட்டும் எழவில்லை. காய்ச்சல் கொஞ்சம் தணிவதுபோல் தணிந்து, முன்பைவிட மோசமாக ஏறியது.

பீர்கண்ணு மருதாணிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோதுதான் காரணம் தெரிந்தது. செடியின் அடியில், விதை ஊன்றிய மாதிரி, வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள் கிடந்தன. வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாப்பா அந்தப் பக்கம் திரும்பியதும் நாக்கடியிலிருந்து எடுத்து ஜன்னல் வழியே எறிந்திருக்கிறாள். அவர் மாத்திரைகளைக் கையில் அள்ளிக்கொண்டு மகள் முன்னால் வந்து நின்றார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, டீச்சர்தான் சொன்னாங்க வாப்பா என்றாள்.

உண்மைதான், டீச்சர்தான் சொன்னார். காய்ச்சலின் முதல் நாளில் பார்க்க வந்தவரிடம், இந்த மாத்திரை கெட்ட கிருமியை மட்டும் கொல்லுமா என்று மீராள் கேட்டிருக்கிறாள். வகுப்பில் நன்றாகக் கவனிக்கிற பிள்ளை கேட்கிறதே என்ற சந்தோஷத்தில், அதற்கு ஆள் வித்தியாசம் தெரியாது, நல்லதும் சேர்ந்துதான் சாகும், அதனால்தான் டாக்டர் சொல்லாமல் தின்னக் கூடாது, தின்ன ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தக் கூடாது என்று அவர் பாடமே நடத்திவிட்டார். மீராள் பாதிப் பாடத்தை எடுத்துக்கொண்டாள். மாத்திரை தின்றால் உம்மா செத்துப்போவாள், இன்னொரு தடவை.

இனியும் மருந்து உள்ளே போகவில்லை என்றால் குடல் தாங்காது, பிள்ளை தங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஊசி போடக் கையை நீட்டச் சொன்னால் அவள் இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்து மூடிக்கொள்கிறாள், தொட்டால் அலறுகிறாள், அந்த உடம்பில் அலறுவதற்கு எங்கிருந்து தெம்பு வந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். பீர்கண்ணுவைப் பார்த்து, நான் ஒழுங்காப் பாடம் நடத்தாம இருந்திருந்தா இவ இந்நேரம் எந்திரிச்சிருப்பா அண்ணாச்சி என்றார். அதில் எங்களுக்கும் மறுப்பு இல்லை, ஆனால் யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை.

பீர்கண்ணு பதிலுக்கு வேறொன்றைச் சொன்னார். செய்னம்பு இருந்தவரை ஒரு விருந்துகூட விட்டதில்லை, பண்டாரி பொண்டாட்டி என்று எல்லாரும் தங்கள் சஹனுக்கு இழுப்பார்களாம், அவளும் ஒரு சஹனில் சோறு, இன்னொன்றில் கறி, வேறொன்றில் இனிப்பு என்று வரிசை முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, ஆணத்தில் உப்பு கம்மி என்று அவரிடம் குறை சொல்வாளாம். அவர் சும்மா பழைய நினைப்பில்தான் சொன்னார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்.

அலமாரியில் ஊர்க் கைகள் பூராவும் அடுக்காக இருந்தன. டீச்சரும் நூரம்மாவும் தலைமையாசிரியரும் தட்டுகளை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்கள். இதுவரை எல்லோரும் நடுவில் இருந்த பெரிய முகங்களைத்தான் பார்த்திருந்தோம், ஓரத்தில் கிடந்ததைக் கறை என்று விட்டிருந்தோம். ஆலிம்சா வீட்டம்மாவின் தட்டில், அவர் மாமியாருடைய முகத்துக்குப் பக்கத்தில், ஒரு தெற்றுப்பல் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது. மளிகைக் கடைக்காரர் மனைவி தட்டில் ஒரு புருவம். சண்டைக்கார அண்ணன் வீட்டுப் பெண் தட்டில் வரிசையாக அலுக்கத்து வளையங்கள் மாட்டிய ஒரு காது, அது செய்னம்புவின் காதுதான் என்று அவளே ஒப்புக்கொண்டாள், அந்தத் தங்கத்தின்மேல் தனக்கு எப்போதும் ஒரு கண் இருந்தது என்றாள். நூரம்மா தட்டில் முகவாய், அதன் குழியோடு.

மூடி திறக்காத தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் தெருவில் வந்தார்கள். கை கழுவி, வாசலில் செருப்பைக் கழற்றி, கட்டிலைச் சுற்றி நின்று ஒவ்வொருவராகத் தட்டைக் காட்டினார்கள். மீராள் பல்லைப் பார்த்தாள், புருவத்தைப் பார்த்தாள், காதைப் பார்க்கும்போது தலையைக் கொஞ்சம் தூக்கினாள்.

டீச்சர் குனிந்து சொன்னார், "மீராள், உங்க உம்மா உன்கிட்ட மட்டும் இல்லம்மா. ஊரு பூரா சாப்பிட்டுப் பரவிக் கெடக்காங்க. மாத்திரை போறது உன் வயித்துக்கு மட்டுந்தான்."

"என்னய மருந்து குடிக்க வைக்கிறதுக்குப் பொய் சொல்லலியே டீச்சர்?"

"பாடத்துல நான் பொய் சொல்ல மாட்டேன். அதனாலதானே இவ்வளவும் ஆச்சு."

மீராள் அதை யோசித்துப் பார்த்தாள். பிறகு அக்குளிலிருந்து வலது கையை எடுத்து, உள்ளங்கையை ஒரு தடவை மூக்கருகே வைத்து முகர்ந்துவிட்டு, மாத்திரைக்கு நீட்டினாள். விழுங்கியபின் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னார் டாக்டரம்மா, காட்டினாள். அன்றிலிருந்து கடைசி மாத்திரைவரை ஒன்றுகூட மருதாணிச் செடிக்குப் போகவில்லை.

காய்ச்சல் விட்டது. இரத்தம் எடுத்துப் பார்த்து, மலம் எடுத்துப் பார்த்து, இனி இவளிடமிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னபின் மீராள் பள்ளிக்கூடம் வந்தாள். புதுத் தட்டில் கையைப் பதித்தாள். அலமாரியைத் திறந்தபோது அதில் வெறும் கடற்பாசிதான் இருந்தது, தெளிவாக, ஒரு புள்ளி இல்லாமல். அவள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி டீச்சர் என்றாள். அந்தச் சரியைக் கேட்கச் சகிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பீர்கண்ணு தன் செலவில் சட்டி ஏற்றினார், மகள் பிழைத்ததற்காக ஊருக்கே சோறு. வாசலில் செண்பகவல்லி டீச்சர் சோப்புக்கட்டியோடு நின்று, நகக்கண்வரை கழுவிக் காட்டாத ஒருவரையும், ஆலிம்சா உட்பட, உள்ளே விடவில்லை. பெண்கள் பந்தியில் சஹன் இறங்கியதும் மீராள் வழக்கம்போலச் சின்னத் தட்டை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள். நூரம்மா அந்தத் தட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். புருவக்காரி மறுபக்கம், பல்காரி எதிரில்; அந்தச் சஹனில் தின்றதும் காதுக்காரி அவளைத் தன் சஹனுக்கு இழுத்தாள், அதற்குமேல் தலைமையாசிரியர் மனைவி ரோஸ்லின் அம்மா இனிப்புக்கு அழைத்தார். செய்னம்பு சுற்றியபடியே மகளும் வரிசை முழுக்கச் சுற்றினாள். கடைசியில் செண்பகவல்லி டீச்சரும் கைப்பையைத் தூரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து, பக்கத்து ஆள் பக்கம் இருந்த கறித்துண்டைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டார்.

திங்கட்கிழமை அலமாரி திறக்கையில் பீர்கண்ணு, தலைமையாசிரியர், பாதி ஊர், எல்லோரும் ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். விருந்து முடிந்த கையோடு மீராள் புதிதாகப் பதித்துவைத்த தட்டை டீச்சர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். புருவம் வந்திருந்தது. அலுக்கத்துப் போட்ட காதும், குழியோடு முகவாயும், தெற்றுப்பல்லும் வந்திருந்தன, முழுசாகச் செய்னம்பு, முன்பைவிடத் தெளிவாக. பல்லுக்கு மேலே, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட ஒரு மீசையும் இருந்தது.

 தலைமையாசிரியரின் கை தன்னையறியாமல் மீசைக்குப் போனது, பாதியில் நின்றது. ரோஸ்லின் அம்மா எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருமிகள் பக்கத்துக் கிருமிகளுக்குத் துண்டு துண்டாக மரபணுவைக் கொடுத்துவிடும் என்று முன்பே நடத்தியிருக்கிறேன் என்று டீச்சர் மெல்லிய குரலில் ஞாபகப்படுத்தினார். கஸ்பார் பெர்னாண்டோ பண்டாரியின் பக்கம் திரும்பி, இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

பீர்கண்ணு தட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "பரவால்ல சார்," என்றார், "ஆணத்துல உப்பு கம்மின்னு சொல்லும்போது இவ மூஞ்சி இப்பிடித்தான் இருக்கும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மீராள் சிரித்துவிட்டாள், தட்டில் இருந்த அதே பல் தெரிய. வேண்டுமானால் இன்னொரு தட்டில் கையை வைத்துப் பார்க்கலாமா என்று டீச்சர் கேட்டார்.

"வேண்டாம் டீச்சர்," என்றாள் மீராள். "இத்தன வருஷம் உம்மா என்கிட்ட தனியா கெடந்தா. இனி யாரு கூடயாவது இருந்துட்டுப் போவட்டும்."

அடுத்த வாரம் தலைமையாசிரியர் மீசையை எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வந்தார், கடற்கரைப் புழுக்கம் என்று காரணம் சொன்னார். செய்னம்பு எடுக்கவில்லை.